தறி நின்றதும் தின்ற ஆமை

சாலையோரத்தில் கண்டெடுத்த ஆமைக்குட்டி ஐந்து நாளாக எதையும் தின்னவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திருத்தணியில் மீன்தொட்டி விற்பவர், "தண்ணியில வுடுங்க" என்றார். எதிர்வீட்டு அக்கா, "ஐயோ, இது தரை ஆமை, தண்ணி ஆவாது. வெயில்ல வைம்மா" என்றாள். யூடியூபில் ஒருவர் வெள்ளரிக்காய் கொடு என்றார்; இன்னொருவர் அதைத்தான் கொடுக்கவே கூடாது என்றார். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஓட்டுக்குள்ளிருந்து தலையே வெளியே வரவில்லை.

ஆறாம் நாள் மதியம் கரண்ட் போனது. எங்கள் வீட்டு விசைத்தறி நான்கும் நின்றன. சற்று நேரத்தில் தறிக்கு அருகே வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஆமை முருங்கைக்கீரையைத் தின்றுகொண்டிருந்தது.

கரண்ட் திரும்ப வந்தது. அப்பா சுவிட்சைப் போட்டதும் ஆமையின் தலை உள்ளே போய்விட்டது. தரையில் கை வைத்தேன். அதிர்ந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தரை அப்படித்தான் அதிர்ந்திருக்கிறது.

"நைனா, நிறுத்து நைனா! அது சாப்ட்டுகினு இருந்திச்சி."

"எத்தினி நேரம்மா நிறுத்துறது?" என்றார் அப்பா.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்களுக்குத் தறிதான் சோறு. கீரை தீரும்வரை நிறுத்தச் சொன்னேன். பிறகு, இந்த அதிர்கிற வீட்டில் அது பிழைக்காது என்று, அதை ஒப்படைக்கப் பெட்டியோடு வனத்துறை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

இப்போதும் கரண்ட் போனால், என் கை தானாகத் தரையைத் தொட்டுப் பார்க்கிறது.