குரும்பகரத்தில் ஒதுக்கிய டப்பாவும் ஒரு மின்விசிறியும்

ஆறு மாதமாக நான் 349-ஐத் தாண்டவில்லை. பத்து மீட்டர் தூரத்தில் காற்றுக் கைத்துப்பாக்கியால் நாற்பது முறை சுட வேண்டும். மொத்தம் நானூறு புள்ளி. எங்கள் கிளப் அணியில் சேர 350 வேண்டும். வேறு ஊர் கிளப்பில் சுட்டாலும் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட புள்ளி அட்டை செல்லும். அந்த ஒரு புள்ளிக்காகத்தான் பொங்கல் முடிந்த வாரம் காரைக்காலுக்குக் கிளம்பினேன்.

இன்னொரு காரணம் சேவியர். கல்லூரித் தோழன், காரைக்கால்காரன், இப்போது பிரான்ஸில் வேலை. அங்கே மேக்னம் ரிவால்வரில் இலக்குச் சுடுகிறான். தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கி, வெடிமருந்தை எடைபோட்டுத் தானே நிரப்புகிறான். இங்கே அதற்குச் சட்டம் இடம் தராது என்பதால், விடுமுறைக்கு வந்தால் அவன் கை நமநமவென்று இருக்கும். என் துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டுகளை, அதாவது பெல்லட்டுகளை, ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பிரித்துத் தருவதாகச் சொன்னான்; எடை ஒத்திருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் படும் என்பது அவன் கணக்கு.

சனி காலை 6.10-க்குத் தஞ்சாவூரில் பேருந்து. மூன்று மணி நேரம், 85 ரூபாய். மடியில் இருந்த துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்த நடத்துநர் தையல் மெஷினா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், எதற்கு வம்பு.

சேவியரின் அக்கா ரோசி நகைக்கடையில் வேலை பார்க்கிறார். அவர் கடையில் கேட்டு வாங்கி வந்த தராசு கூடத்து மேசையில் இருந்தது. புழுக்கம் தாங்காமல் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தோம். ஐந்நூறு பெல்லட்டுகளைப் பிரிக்க மாலை ஆகிவிட்டது. எடை ஒத்துப்போனவை ஒரு டப்பாவில்; ஒத்துப்போகாதவை இன்னொன்றில். இரண்டும் ஒரே மாதிரி டப்பா என்பதால் ஒதுக்கியதன் அடியில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

“நீ சுடுறத மட்டும் பாரு. எடைய நான் பாத்துக்கிட்டேன்ல,” என்றான்.

ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆறு மணிப் பூசைக்குப் போய் எனக்காகவும் வேண்டிக்கொண்டு வந்தான். குரும்பகரம் பத்துக் கிலோமீட்டர். ஆட்டோ 250 ரூபாய். வயலுக்கு நடுவே பழைய நெல் கிடங்கு ஒன்றில்தான் அந்த ஊர் கிளப்பின் போட்டி. முதல் பத்தில் 87. அடுத்து 89, 88. பின்னால் நின்ற சேவியர் தன் எடைபோடும் மகிமையை எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தான். கடைசிப் பத்தில் 90. மொத்தம் 354.

கையெழுத்து வாங்கிவிட்டு டப்பாவை மூடும்போது கை தவறிக் கவிழ்ந்தது. அடியில் பெருக்கல் குறி. காலை அவசரத்தில் ஒதுக்கியதைத்தான் எடுத்து வந்திருந்தேன். சேவியரின் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு இருமலே வந்துவிட்டது.

மத்தியானம் நண்டுக் குழம்பு பரிமாறிய ரோசி அக்கா கதையைக் கேட்டார். தராசைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார்.

“தராசோட கண்ணாடி மூடிய ஏன்டா கழட்டுன? ஃபேன் காத்துல எடை எப்படி நிக்கும்?”

சேவியர் கைக்கு இடைஞ்சலாக இருந்ததாம். பிரான்ஸில் அவன் எடைபோடுவது காற்றே புகாத நிலவறையில். அங்கே மின்விசிறி எதற்கு? மூடியைப் போட்டு, விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க மறுபடி எடைபோட்டோம். இரண்டு டப்பாவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மிச்சத்தை எல்லாம் குறி போடாத டப்பாவிலேயே கொட்டிவிட்டோம்.

ஆறு மாதமாக பெல்லட்டையும் விசையையும் மூக்குக்கண்ணாடியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 354 என் கை சுட்டது. அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷம் தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: கிடங்கில் தண்ணீர் கிடைக்காது, கொண்டு போங்கள். திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த வண்டியையே நிறுத்தி வையுங்கள். எடைபோடுவதாக இருந்தால் முதலில் தலைக்கு மேலே பாருங்கள்.

பெருக்கல் குறி போட்ட அந்தக் காலி டப்பாவைச் சேவியர் கேட்டு வாங்கிப் போனான். நிலவறையில், தோட்டா நிரப்பும் மேசையில், தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறானாம்.