மூன்றாம் தண்ணீர்

சித்தப்பா பினாங்குக்குக் கப்பலேறியபோது எனக்கு ஐந்து வயது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவர் திரும்பியிருக்கவில்லை. சித்தி எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு அவள் தங்கை; பத்து வயது இளையவள். விடிந்ததும் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவாள். கன்னிவாடி மலைமேல் வெயில் நன்றாக ஏறிய பிறகு வீட்டுக்கு வருவாள். அவளுடைய தகரப் பெட்டிக்குள் இரண்டு புதுச் சேலைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. ‘புறப்பட்டு வா’ என்று சித்தப்பாவிடமிருந்து ஒரு வரி வந்தால் மறுநாளே கிளம்பிவிடலாம் என்று இருந்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் அனுப்பும் கடிதங்களை இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாள்.

வாசிப்பது நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதற்குமுன் தபால்காரரே வாசித்துக் காட்டிவிட்டுப் போவாராம். எங்கள் வீட்டுச் சங்கதி எங்களுக்குத் தெரியும்போதே தெருவுக்கும் தெரிந்துவிடும். மூன்றாம் வகுப்பில் அந்தப் பதவி என் கைக்கு வந்தது. நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கைகால் கழுவிவிட்டுப் பாயில் உட்காருவேன். எல்லோரும் வந்து சுற்றி உட்கார்ந்தபிறகுதான் உறையைப் பிரிப்பேன். அப்பாவானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் தை மாதத்தில், பினாங்கிலிருந்து ஊருக்கு வந்திருந்த வத்தலக்குண்டுப் பக்கத்துக்காரர் ஒருவர், சித்தப்பா கொடுத்தனுப்பியதாக ஒரு தகர டப்பாவையும் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சித்தி கேட்டாள்:

“அவுக எப்ப வாராகளாம்?”

“எல்லாம் காயிதத்துல எழுதியிருக்காகத்தா” என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே. சித்தி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

சிவப்பு டப்பா. அதன்மேல் பொன்னிறத்தில் சீன எழுத்துகள். நேராகப் பார்த்தேன், தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தேன். “என்னத்தா, படிச்ச பிள்ளைக்கே பிடிபடலையா?” என்று அப்பா சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே கரும்பச்சையில் முறுக்கிச் சுருண்ட துணுக்குகள் கிடந்தன. “இதென்னடி, சுண்டவத்தலாட்டம்” என்றாள் அம்மா. ஆனால் டப்பாவைத் திறந்ததும் பரவிய வாசனைக்கு எங்களில் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தேன். சித்தப்பாவுக்கு எழுத வராது. யாரையோ எழுதச் சொல்லி அனுப்புவார். நலம், நலமறிய ஆவல் என்பதற்குப் பிறகு முழுக்கத் தேயிலைதான். இதற்கு ஊலோங் என்று பெயர், பனி மூடிய உயரமான மலையில் விளைவது, பாலும் இனிப்பும் சேர்க்கக் கூடாது என்று போயிற்று. இந்த இடத்தை நான் எட்டுவதற்குள் அம்மா ஒரு கை அள்ளிப் பாலும் கருப்பட்டியுமாகக் கொதிக்க வைத்துவிட்டாள். அப்பா ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். “இதுக்கா கடல் தாண்டி ஆள் வந்துச்சு? வேப்பங்கொழுந்து நம்ம கொல்லையிலயே கெடக்குல்ல.”

‘புறப்பட்டு வா’ என்ற வரி அந்தக் கடிதத்தில் இல்லை.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் இருந்தபோது சித்தி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கடிதத்தை மெதுவாக வாசிக்கச் சொன்னாள். நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவள் அந்தந்த வரிப்படி செய்தாள். தண்ணீர் கொதித்ததும் இறக்கிச் செத்த நேரம் வைத்தாள். சின்னச் செம்பில் ஒரு கரண்டி தேயிலையைப் போட்டு அதில் தண்ணீரை ஊற்றினாள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. உடனே வடித்து, இரண்டு கிண்ணங்களிலும் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட வேண்டும்.

“ரெண்டு கிண்ணமா? நல்லாப் பாரு.”

“ரெண்டுன்னுதான் போட்டிருக்கு சித்தி.”

சாமிக்குப் பொங்கல் வைக்கிற சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் இரண்டை எடுத்துவந்தாள். மறுபடி தண்ணீர் ஊற்றி மூடினாள். மூடியைத் திறந்ததும் முதலில் மூடியை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நிலக்கோட்டைப் பூக்கூடைகளை ஈரச் சாக்கு போட்டு மூடி ஏற்றிவரும் வண்டி தெருவைக் கடந்துபோன பிறகு ஒரு வாசனை இருக்குமே, அப்படி இருந்தது. அடுத்து நான் வாசித்தேன்: ‘ஒரு கிண்ணத்தை முழுக்க நிரப்பிவிட்டு மறு கிண்ணத்துக்குப் போகக் கூடாது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அப்போதுதான் இருவருக்கும் ஒரே ருசி கிடைக்கும்.’

செம்பைச் சாய்க்கப் போனவள் நிறுத்திவிட்டாள். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு, எழுதியிருந்தபடியே மாற்றி மாற்றி ஊற்றினாள்.

கொட்டியது போக, குடித்த முதல் தண்ணீர் பெயருக்குத்தான் மணத்தது. இரண்டாவது நாக்கில் லேசாகத் துவர்த்தது. மூன்றாவது வரை பொறுத்திருக்க வேண்டும், இதன் ருசியே அதில்தான் என்று கடிதம் சொன்னது. மூன்றாவதைக் குடித்து முடித்தபின், நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததுபோலத் தொண்டையில் ஒரு இனிப்பு எழுந்து வந்தது. செம்புக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த முறுக்கிய துணுக்குகளெல்லாம் விரிந்து, காம்பும் நரம்பும் வெட்டு விளிம்புமாக, நேற்றுப் பறித்த இலைகளாகிக் கிடந்தன. நான் கூவி அவளைக் கூப்பிட்டேன். சித்தி அதைப் பார்க்கவில்லை.

“உங்க சித்தப்பா இங்க இருக்கையில காப்பித் தண்ணிய நின்னுக்கிட்டேதான் குடிப்பாக” என்றாள். “ஆத்திக் குடுக்கிறதுக்குள்ள மம்பட்டியத் தூக்கிட்டுப் போயிருவாக. மூணாந் தண்ணி வரைக்கும் உக்காந்திருக்காக, பாரு.”

அவர் நிதானம் கற்றுக்கொண்டதற்காக அவள் சந்தோஷப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நிறம் போய் வெறும் வெந்நீராகும் வரைக்கும் அவள் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். எனக்கு நாலாவதிலேயே போதுமென்றாகிவிட்டது.

அந்த வாரம் பதில் எழுதினோம். எப்போதும் அப்பா சொல்வார், நான் எழுதுவேன். மழை, மாடு, தக்காளி என்று அதில் ஊர்ச் செய்தி இருக்கும். இந்தத் தடவை தான் சொல்வதாகச் சித்தி முன்வந்தாள். கடல் தாண்டிப் போகிற மெல்லிய நீலத் தபால் தாள். அதற்குள்ளேயே எழுதி மடித்து ஒட்டிவிட வேண்டும். தேயிலை கிடைத்தது, சொன்னபடி போட்டுக் குடித்தோம், இங்கே எல்லோரும் சுகம் என்றாள். நான் என் அழகான எழுத்தில் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் சித்தி தாளில் இன்னும் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“அங்க ஒக்காந்து ஊத்திக் குடுக்கிறவுக சுகமா இருக்காகளான்னு கேட்டு எழுது.”

“யாரு சித்தி? அப்படி யாரும் காயிதத்துல இல்லையே.”

“எழுது தாயி. அவுகளுக்குத் தெரியும்.”

தாளில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. கடிதத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி விசாரிப்பது எனக்கு அர்த்தமில்லாததாகப் பட்டது. படிக்காதவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள். அந்த இரண்டு வரியில், ‘இக்கடிதத்தை எழுதியது ஆறாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் தங்கள் மகள்’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன். எழுதிவிட்டாயா என்று சித்தி கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன்.

சித்திரையில் பதில் வந்தது. பிள்ளையின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, நன்றாகப் படிக்க வையுங்கள் என்று சித்தப்பா எழுதச் சொல்லியிருந்தார். அந்த இடத்தை யாரும் கேட்காமலே இரண்டு தடவை வாசித்தேன்.

“வேற ஒண்ணும் இல்லையா தாயி?”

“இல்ல சித்தி. அம்புட்டுத்தான்.”

புறப்பட்டு வரச் சொன்னாரா என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்துக்கும் அதையே கேட்டாள். அதற்குப் பிறகு கடிதம் வந்தால் அடுப்படியை விட்டு எழுந்து வருவதையே நிறுத்திவிட்டாள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வேறொருவர் வாயிலாக விஷயம் வீட்டுக்கு வந்தது. சித்தப்பாவுக்கு அங்கே ஒரு சீனப் பெண்ணோடு குடும்பம், இரண்டு குழந்தைகள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்திதான் அவளைத் தேற்றினாள்.

“டப்பா வந்தப்பவே எனக்குத் தெரியும்க்கா. கேட்டுக்கூட எழுதுனேன். அவுகதான் பதில் சொல்லல.”

பள்ளிக்கூடப் பையோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன். இப்போது திண்டுக்கல்லில் நாற்பது பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தருகிறேன். அந்தக் கேள்வியை நான் எழுதவேயில்லை என்பதைச் சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த நீலத் தாளில் இடம் போதாது என்பது மட்டும்தான் அன்றைய பதினொரு வயதுக்குத் தெரிந்திருந்தது. புருஷன் கப்பலேறிய நாளிலிருந்து சித்தி அவரிடம் தானாகக் கேட்ட ஒரே கேள்வி அது என்பது தெரியவில்லை.