சுரண்ட விடாத பெயிண்ட்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டு எழுதியவர்களுக்கு — உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் மனசு தொப்பூர் இறக்கத்திலேயே போய் நின்றுகொண்டது. இந்த வாரம் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

என் பழைய அம்பாசடர் காரைப் பற்றி உங்களிடம் நிறைய ஜம்பம் அடித்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் அதற்குப் பெயிண்ட் அடிப்பேன். இந்தத் தடவை பானெட்டுக்கு உள்ளேயும் அடிக்கச் சொன்னேன். அங்கே எவன் பார்க்கப் போகிறான்? நான்தான்! திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன்.

பூஜை முடிந்த கையோடு பெங்களூரிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி வாங்கி வந்தேன். காரோடு வருவதல்ல, தனியாக விற்பது. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும், பெட்ரோல் மிச்சமாகும் என்றார்கள். தர்மபுரியில் என் மெக்கானிக் சவரிமுத்து அதைப் பொருத்தினார். இருபது வருஷமாக வண்டி பார்க்கிறவர். பெட்டியை முடுக்கப் போகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்ட உப்புத்தாளை எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க? பூஜைக்கு அடிச்ச பெயிண்ட்டுங்க!" என்று பதறினேன்.

"எர்த் புடிக்கணுமில்லீங்க சார்?"

அதாவது, பாட்டரியிலிருந்து கிளம்பின மின்சாரம் திரும்பி வர ஒரு வழி வேண்டும். காரில் அந்த வழி, காரின் இரும்பு உடம்பேதான். பெட்டி அந்த இரும்பைத் தொட வேண்டும். நடுவே பெயிண்ட் இருந்தால் தொடாது. இதெல்லாம் இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது, கீறல் விழும் என்பது மட்டும்.

"ஸ்க்ரூ உள்ள போவுதில்ல, அது போதாதா?" என்றேன்.

"சார் சொன்னா செரிங்க" என்று உப்புத்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மாசத்துக்குள் கார் இரண்டு முறை நடுரோட்டில் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கிளம்பியது. ஷெட்டுக்குக் கொண்டு போனேன். சவரிமுத்து இக்னிஷன் காயிலை மாற்றினார், பிளக்கை மாற்றினார், ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. "ஒண்ணும் கொறையில்லீங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் மாதையன் விஷயம். அதியமான்கோட்டையில் என் வீட்டுக்கு அடுத்த தோட்டக்காரர், கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, ஆலைக்குக் கரும்பு கொடுத்தபோது வலது கையும் உள்ளே போய்விட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்கக் கையை இறுக்கிக் கட்டி, உடனே சேலம் கொண்டு போங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தது. "என் வண்டி இருக்கே!" என்றேன். எத்தனை பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

சேலம் போகிற வழியில், தொப்பூர் மலை இறக்கத்தில், பாதியில், கார் அணைந்தது. உருட்டிக்கொண்டே கீழே இறக்கி ஓரம் கட்டினேன். சாவியைத் திருப்பினேன், திருப்பினேன்... ஊஹூம். பின் சீட்டில் மாதையனின் மனைவி முனியம்மாள் அவர் கையை மடியில் தாங்கியிருந்தார்.

"எப்பிடியாச்சும் கெளப்புங்கண்ணா. கை மரத்துப் போச்சுங்கறாரு..."

பானெட்டைத் திறந்தேன். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முகூர்த்த நாள். பஸ்கள் நிற்கவே இல்லை. லாரிக்காரர்கள் ரத்தத்தைப் பார்த்ததும் போலீஸ் கேஸ் என்று பயந்து போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு தக்காளி லாரி ஏற்றிக்கொண்டது. அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது. சீக்கிரம் வந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும், இவ்வளவு நேரம் இறுக்கிக் கட்டியிருந்ததால் முழங்கை வரை எடுக்க வேண்டும் என்றார் சேலம் டாக்டர். எடுத்தார்கள்.

காரை ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். சவரிமுத்து சாவியைத் திருப்பியதும் உடனே ஓடியது! அவர் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் நானும் கவனித்தேன் — பாட்டரியின் எர்த் முனையிலிருந்து பெட்டிக்கு ஒரு தடித்த ஒயரைக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். புதுச் சாமான் கெட்டுவிடக் கூடாதே என்று, எலக்ட்ரானிக் எது வந்தாலும் முதலில் அதை மாட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாராம். கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியை லேசாக ஆட்டினார். இன்ஜின் அணைந்தது. மாட்டினார், ஓடியது. கழற்றினார், அணைந்தது.

"அன்னிக்கும் என் ஒயர்லதாங்க ஓடியிருக்குது சார்..." என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஷெட்டில் ஓடவிட்டுப் பார்த்த அன்று பெட்டிக்கு எர்த் கொடுத்தது அந்த ஒயர்தான்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் என் பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல். ஸ்க்ரூ ஒன்றுதான் இரும்பைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. ஒரு ரூபாய் காசு அகலத்துக்குச் சுரண்டினார். ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு கார் ஒரு முறைகூட நிற்கவில்லை.

"நானே போயி எந் தப்புன்னு சொல்லிடறேங்க" என்றார் சவரிமுத்து. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. ச்சே! அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மாதையனை டிஸ்சார்ஜ் செய்த அன்று இரண்டு பேருமே அதே காரில் சேலம் போனோம். சவரிமுத்து கிளிப் கதையை ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து, அவர் சுரண்டப் போனதையும் நான் தடுத்ததையும் கொட்டிவிட்டேன். முனியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாதையன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப வண்டி ஓடுதுங்களாண்ணா?"

"ஓடுதுங்க."

"அப்ப அதுலயே வூட்டுல வுட்டுருங்க. பஸ்ஸுல ஒத்தக் கையால கம்பியப் புடிச்சு நிக்க இன்னும் பழகலீங்க."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், மனுஷன்.