‘ஒரு குறையும் இல்லீங்க!’

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பூரில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்களுக்குக் காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல் வகுப்பு கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் கால அட்டவணை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு போட்டது. மணி அடித்ததும் டிபன் பாக்ஸை மூடியும் மூடாமலும் பனியன் கம்பெனிக்கு பஸ் பிடிக்க ஓடுவார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்த தோழியும் அப்படித்தான் ஓடுவாள். நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. அப்பா இல்லை. அம்மா முதுகுவலியில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். இவள் மதியத்திலிருந்து இரவு வரை நின்றால்தான் குடும்பமும் ஓடும், படிப்பும் ஓடும்.

ஆனால் வாய் இருக்கிறதே, எட்டூருக்குக் கேட்கும்! நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸின் கண்டக்டரை மறுநாள் பிடித்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவளுடைய கம்பெனிக்கு, வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களின் ஆட்கள், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கிளிப் அட்டையுமாக ஆடிட் வருவார்கள். வேலை செய்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முந்தின நாளே ஹெச்.ஆர். மேடம் எல்லோரையும் உட்கார வைத்து, எதற்கு என்ன பதில் என்று பாடம் நடத்திவிடுவாராம். எங்கள் கேன்டீனில் இதை அவள் அப்படியே நடித்துக் காட்டுவாள்.

“மூஞ்சிய உம்முனு வெக்கப்படாது. நிமிந்து உக்காந்து, கண்ணப் பாத்து, சிரிச்சுட்டே சொல்லோணும். ஒரு குறையும் இல்லீங்க. ஓவர்டைம் பாக்கச் சம்மதந்தானுங்க. யாரும் கட்டாயப்படுத்தறதில்லீங்க. கமிட்டி இருக்குதுங்க, மாசாமாசம் மீட்டிங் போடறாங்க!”

நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்த வருடம்தான் காலை ஷிப்ட்டை எடுத்துவிட்டு முழுநாள் கல்லூரி ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முடிவு எங்கோ மேலே நடந்துகொண்டிருந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. பிறகு திடீரென்று கேட்கப்போவதாகவும் சொன்னார்கள். உயர்கல்விக்குப் புது விதிகள் எழுதும் குழு ஒன்று ஊர் ஊராக வந்து மாணவர்களின் கருத்தைக் கேட்கிறதாம். கல்லூரிக்கு ஒருவர்தான் பேசலாம். நாங்கள் யோசிக்கவே இல்லை, அவளைத்தான் தேர்ந்தெடுத்தோம். காலை ஷிப்ட்டை எடுக்காதீர்கள், இனி முடிவெடுக்கும் இடத்தில் மாணவர்களுக்கும் நிரந்தரமாக ஓர் இடம் கொடுங்கள். இதைத்தான் அவள் சொல்ல வேண்டும். துணைக்கு நான் போனேன்.

“முழுநாள் ஆக்குனா நான் படிப்ப நிறுத்தோணும். அதைய அப்படியே மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடறேன் பாரு” என்றாள் பஸ்ஸில்.

பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி அரங்கில் கூட்டம். வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை என்று காலை முழுவதும் போய், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் மாணவர்களைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேப்பர் செருகிய கிளிப் அட்டை. நல்ல மாதிரிதான் தெரிந்தார். எதிர் நாற்காலியைக் காட்டி, சிரித்த முகத்தோடு, “பயப்படாம சொல்லும்மா, காலேஜ்ல ஏதாவது குறை இருக்கா?” என்று கேட்டார். எங்கள் கல்லூரி முதல்வர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கேன்டீனில் அவள் நடித்துக் காட்டிய அதே சிரிப்பு.

“ஒரு குறையும் இல்லீங்க மேடம்.”

“நேரத்தை மாத்தினா பரவாயில்லையா?”

“சம்மதந்தானுங்க. யாரும் கட்டாயப்படுத்தறதில்லீங்க.”

“மாணவர்கள் பிரச்னையைச் சொல்றதுக்கு இடம் இருக்கா?”

“கமிட்டி இருக்குதுங்க. மாசாமாசம் மீட்டிங் போடறாங்க.”

அப்படி ஒரு கமிட்டி எங்கள் கல்லூரியில் இருந்ததே இல்லை. அந்த அம்மா சந்தோஷமாக எழுதிக்கொண்டார். நான் எழுந்து, “அது இல்லீங்க மேடம்...” என்று கத்தினேன். கல்லூரிக்கு ஒருவர்தான் என்று உட்கார வைத்துவிட்டார்கள். மைக் அடுத்த கல்லூரிக்குப் போனது. முதல்வர் கைதட்டினார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஷிப்ட்டு பத்திச் சொன்னனா புள்ள?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அந்த அட்டையப் பாத்ததும் வாய் தன்னால பேசுது புள்ள. நிறுத்தோணும்னு நெனைக்கறேன், நிக்க மாட்டேங்குது” என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். உங்கள் மாணவியே சம்மதம் சொல்லியிருக்கிறாரே என்று வாயை அடைத்துவிட்டார்கள். அடுத்த ஜூனில் முழுநாள் கல்லூரி வந்தது. முதலில் அவள் படிப்பை விட்டு நின்றாள். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசி வருடம் முழுக்க நான் பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கோபம் இருக்கிறது, அதை யார்மேல் காட்டுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அதே கல்லூரியில் எம்.காம். படிக்கிறேன். இந்த வருடம் மாணவர் குறைகளைக் கேட்க ஒரு கமிட்டி போட்டு, அதில் மாணவர் உறுப்பினர் என்று ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் காரில் வந்து இறங்கும் பையன் ஒருவன் அதில் இருக்கிறான். குறை உண்டா என்று கேட்டால் இல்லை என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. மதியம் வேலைக்கு ஓடுகிறவர்கள்தான் இப்போது எங்கள் கல்லூரியில் இல்லையே.

போன மாதம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். இப்போது காலையிலிருந்தே கம்பெனியில் நிற்கிறாள். இந்த விஷயத்தைச் சொன்னேன். “கமிட்டி வந்துருச்சா? அப்ப அன்னிக்கு நான் சொன்னது நெசமாயிருச்சு போ” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அவளுடைய நிறுத்தத்தில் இறங்கிப்போனாள்.

அன்றிலிருந்து யாராவது சிரித்த முகத்தோடு ‘ஒரு குறையும் இல்லை’ என்று சொன்னால், இந்தப் பதிலை இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.