திருப்பிச் சொல்கிற அம்மா

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடையில் இருந்த அந்த அம்மா, எதைக் கேட்டாலும் இடது காதைச் சாய்த்துக் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார். மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, அவசரத்தில் டாக்டர் சீட்டை நீட்டினேன்.

"வயசு அறுபத்தெட்டு, சுகர் மாத்திரை. சரிங்களா?"

தூக்கிவாரிப்போட்டது. அது என் அப்பாவின் சீட்டு.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ட்ரங்க் கால் ஆபரேட்டரா இருந்தேங்க. நம்பரைத் திருப்பிச் சொல்லாம லைன் குடுக்க மாட்டோம்" என்றார், தலை நிமிர்ந்து.

அடுத்த பௌர்ணமி சாயங்காலம், அடி அண்ணாமலை டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பழைய எக்ஸ்சேஞ்சுத் தோழிகள் ஐவருடன் கிரிவலம் வந்திருந்தார்.

"ஆறு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி" என்றார் தோழிகளில் ஒருவர். டீக்காரர் பேசாமல் பாலை ஊற்றினார்.

"திருப்பிச் சொல்லுங்கண்ணே!" என்றார்கள் ஆறு பேரும்.

அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும் என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.