கம்பியில் கோத்த வரிசை

இந்த மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அண்ணன் அவர்களின் படத்தைத்தான் பார்ப்பீர்கள். கோட்டும் தலைப்பாகையுமாக முறைத்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைக்க வேண்டாம். படம் பிடிக்கிறவர் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார், இவர் மூச்சைக்கூட விடவில்லை. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிற சுபாவம் அவருக்கு. வீட்டில் அவர் முறைத்து நான் பார்த்ததில்லை.

நினைவு மலரைத் திவசத்தன்று வந்தவர்களுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். இதைத் தலைத்திவசத்துக்கு முன்பாகவே உங்கள் வீடுகளுக்கு அனுப்புகிறோம். அந்த நாளுக்கு முன் இதைப் படிக்க வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. எந்த வீடு என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "தங்கச்சி குடும்பத்தைக் காப்பாத்தப் பங்காளியைக் கவுத்தவரு" என்று எங்கள் அண்ணனைப் பற்றி பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒரு பேச்சு உண்டு. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, பேச்சு போகவில்லை. அதைப் போக்கத்தான் எழுதுகிறேன். நான் அவருடைய ஒரே தங்கை. எனக்கு நயமாக எழுத வராது. "உள்ளதை எழுதும்மா, போதும்" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் அவர்கள் பிறந்தது நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில். அப்பாவுக்கு மலாயாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்ததும் எல்லோரும் கப்பலேறி வந்தோம். என்னைப் பெற்றுக் கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டார்கள். எனக்குத் தலை பின்னிவிட்டது அண்ணன்தான். பின்னல் ஒரு நாளும் நேராக வந்ததில்லை. சித்தப்பாவும் சித்தியும் அடுத்தடுத்துக் காலமானபின் அவர்களுடைய ஒரே மகனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவரைத்தான் நான் சின்னண்ணன் என்பேன். அண்ணனும் சின்னண்ணனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருத்தர் அடி வாங்கினால் இன்னொருத்தர் அழுவார்.

அண்ணன் பாதிரிமார் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பியூனாகச் சேர்ந்து, கணக்கெழுதும் கிராணியாக உயர்ந்தார். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகளில் வேலை செய்கிற எல்லாருக்கும் அங்கே கணக்கு உண்டு. கல்யாணமானபின் பிரிக்பீல்ட்ஸில் வீடு பிடித்து, காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். அண்ணிக்கும் அவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. ஊருக்கு மனு எழுதித் தருவதும், படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வதும் அவருக்குச் சாப்பாடு மாதிரி.

இனி அந்தக் கம்பெனியில் அண்ணன் பொறுப்பில் இருந்த இழுப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

சீமையிலிருந்து கப்பலில் வந்த தேக்குப் பெட்டி அது. இழுப்பறையை இழுத்தால் உள்ளே ஆளுக்கு ஓர் அட்டை நிற்கும். பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த நாள், கைநாட்டு எல்லாம் அதில் இருக்கும். அட்டையின் கீழ்ப்பக்கம் ஒரு துளை. எல்லாத் துளைகளின் வழியாகவும் ஒரு பித்தளைக் கம்பி பின்னாலிருந்து முன்னால் ஓடும். கம்பியின் முனையில் குமிழ், குமிழுக்குப் பக்கத்தில் சாவித் துளை. சாவியைத் திருகினால் உள்ளே ஒரு நாக்கு விலகும். அப்புறம் குமிழைப் பிடித்து இழுத்தால் கம்பி கையோடு வந்துவிடும், அட்டைகள் விடுபடும். கம்பி உள்ளே இருக்கும்வரை அட்டையை விரலால் சாய்த்துப் படிக்கலாம், உருவ முடியாது. பலவந்தமாக உருவினால் துளை கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அட்டையில் எண் கிடையாது. கம்பியில் எந்த இடத்தில் கோத்திருக்கிறதோ அதுதான் அந்த ஆளின் இடம். முன்னால் இருப்பவர் முந்திச் சேர்ந்தவர், பின்னால் இருப்பவர் பிந்திச் சேர்ந்தவர்.

அதன் சாவி அண்ணனுடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். "எனக்குத் தாலி கட்டினாரா, அந்தப் பொட்டிக்குக் கட்டினாரான்னு தெரியலம்மா" என்று அண்ணி கேலி செய்வார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பார். ராத்திரி சாப்பாட்டில் அந்தக் கம்பியைப் பற்றிப் பேசாத நாள் குறைவு.

எனக்குக் கல்யாணமான புதிதில் அண்ணன் என் வீட்டுக்காரரையும் சின்னண்ணனையும் ஒரே நாளில், ஒரே ரயிலில் அழைத்துப்போய்க் கிட்டங்கியில் சரக்குக் கணக்கெடுக்கிற வேலையில் சேர்த்துவிட்டார். இரண்டு அட்டை எழுதினார். எதை முதலில் கோப்பது? நம் வீடுகளில் என்ன செய்வோம்? பந்தியானாலும் வெற்றிலைத் தட்டானாலும் மாப்பிள்ளைக்கு முதலில் நீட்டுவோம். வீட்டு மாப்பிள்ளையைப் பின்னால் நிறுத்த அண்ணனுக்குக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் அட்டையை முன்னால் கோத்து, சின்னண்ணன் அட்டையை அதற்குப் பின்னால் கோத்து, கம்பியைத் தள்ளிப் பூட்டினார். இரண்டு பேரில் வயதில் மூத்தவர் சின்னண்ணன்தான்.

அன்று சாயங்காலம் அதை அவரே சொல்லிச் சிரித்தார். "பொட்டிக்குள்ளயும் மாப்பிள்ளைக்குத்தான் முதல் மரியாதை" என்றார். சின்னண்ணனும் சிரித்தார். "பின்ன? மாப்பிள்ளைக்கு முன்னால நான் நின்னா தங்கச்சி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். எல்லோரும் கேசரி சாப்பிட்டோம். ஐயோ, அன்றைக்கு ஒருத்தருக்காவது ஒரு சந்தேகம் தட்டியிருக்கக் கூடாதா!

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். கிட்டங்கிகளில் சரக்கு இல்லை. கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். இழுப்பறையில் பின்னாலிருந்து ஒரு பங்கு ஆட்கள். சின்னண்ணன் அட்டையோடு அந்தப் பங்கு முடிந்தது. அதற்கு முன்னால் நின்ற அட்டை என் வீட்டுக்காரருடையது. கோடு இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது.

சேதி தெரிந்த ஞாயிற்றுக்கிழமை சின்னண்ணன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தோம்.

"ஒரே நாள், ஒரே ரயிலு, அண்ணே. ஒரு மரியாதைக்குத்தானே என்னைப் பின்னால வெச்சீங்க? ரெண்டு அட்டையையும் மாத்திக் கோத்துடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. "மாத்திக் கோத்தா எங்க அடுப்பு எரியுமா? எங்களைக் கப்பல்ல ஏத்திட்டு நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கும்மா. நீங்க ரெண்டு பேருதானே? எங்கே போனாலும் பொழைச்சுக்குவீங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போது எனக்குப் பிள்ளையில்லை. நான் என்னென்னவோ கத்தினேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். அவர் மௌனத்தை அவரவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டோம். அண்ணன் நமக்குத்தான் செய்வார் என்று நான் நினைத்தேன். சின்னண்ணனும் தமக்குத்தான் செய்வார் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

உங்களுக்குத் தெரிந்த கதை இதற்கு அப்புறம் வருவது. கிட்டங்கி வாசலில் பேர் கூப்பிட்டார்கள், கம்பி உருவப்பட்டது, விடுவித்த அட்டையில் முத்திரை குத்தி அவரவர் கையில் கொடுத்தார்கள். சின்னண்ணன் அட்டையை எடுத்துக் கொடுத்தவர் அண்ணன். "எங்க அண்ணன் கையாலயே வாங்கினேன்" என்று சின்னண்ணன் இன்றுவரை சொல்கிறார். அது உண்மை, நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை அவர் அறியமாட்டார். திங்கட்கிழமை காலையில் அண்ணன் நேராகத் துரையின் அறைக்குப் போனார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். என் வீட்டுக்காரர் சரக்குக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

"இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். என் தங்கை கணவர் அட்டையை நான் முன்னால் கோத்தது எங்கள் குடும்ப மரியாதைக்காக. அது வேலை வரிசை இல்லை, என் தவறு. இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்றால் பிள்ளைகள் உள்ளவர் இருக்கட்டும். என் தங்கை கணவரை அனுப்புங்கள். அட்டையை நான் மாற்றினால் திருட்டு. தாங்களே கம்பியை எடுத்து மாற்ற வேண்டும்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.

துரை சிரித்தாராம். "இன்றைக்கு உனக்காக ஓர் அட்டையை மாற்றினால் நாளைக்கு ஊரே வாசலில் நிற்கும். எது எங்கே கோத்திருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்" என்று சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். அண்ணன் இன்னொரு முறை கேட்டார். துரை வேலையைப் பார் என்றுவிட்டார். பேர் கூப்பிட்ட அன்று பூட்டைத் திருகியது துரை. உருவி எடுத்துக் கொடு என்று ஏவப்பட்டவர் அண்ணன்.

அந்தத் திங்கட்கிழமை மாலையில் என் வீட்டுக்காரர் வந்து துரை அறையில் நடந்ததைச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஓட்டமாக அண்ணன் வீட்டுக்குப் போனேன். "கூடப்பிறந்தவ குடியைக் கெடுக்கத்தான் ரயிலேறிப் போனீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"கெடலையேம்மா. நான் கேட்டது நடக்கலை. அதுதான் என் கஷ்டம்" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துத் தம் தலைமேல் வைத்தார். "நான் போய்க் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு. கேட்டும் கிடைக்கலைன்னு தெரிஞ்சா அவன் அந்த வெள்ளைக்காரன் வாசல்ல போய்ச் சண்டை போடுவான், ஜெயில்ல வைப்பாங்க. என்னைத் திட்டிக்கிட்டு இருந்தான்னா வீட்டோட இருப்பான்" என்றார். அவர் தலைமேல் கையை வைத்தபிறகு நான் என்ன செய்ய முடியும்? பண்ணினேன். என் வீட்டுக்காரரும் பண்ணினார்.

சின்னண்ணன் குடும்பம் சாலாக் செலாத்தானுக்குப் போய் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தது. அந்த மழைக்காலத்தில் அவர்களுடைய கடைக்குட்டி காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணனும் அண்ணியும் கேதத்துக்குப் போனார்கள். உள்ளே விடவில்லை. கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றுவிட்டு இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணன் சாப்பாட்டில் கம்பியைப் பற்றிப் பேசியதில்லை. துரை சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணன் அதை வேறு கிராணியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இன்றும் அதே வேலையில் இருக்கிறார். எனக்கு மகன் பிறந்தபோது அண்ணன் வந்து பார்த்தார், தூக்கிக்கொள்ளவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. ஏன் அண்ணே, அவன் என்ன செய்தான்?

போன வருஷம் வயிற்று நோவு கண்டு படுத்தார். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். தேறாது என்றதும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "அவனா?" என்பார். இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வியாழக்கிழமை விடிந்தபின் அண்ணியின் மடியில் உயிர் பிரிந்தது.

அண்ணனின் கடைசி நாட்களில் கைகொடுத்தவர்களை மறக்கமாட்டோம். நாள்தோறும் வந்து மருந்து கொடுத்த டிரெசர் ஐயாவுக்கும், கேட்காமலே பெஞ்சும் விளக்கும் அனுப்பிய எதிர்க்கடைச் சீனருக்கும், வேலையைப் போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த ரயில்வே லயத்து வீடுகளின் அண்ணன்மாருக்கும், அண்ணியைத் தனியே விடாமல் பக்கத்தில் படுத்துக்கொண்ட அக்காமாருக்கும், எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

இனி எழுதுவது சாலாக் செலாத்தான் வீட்டுக்கு.

சின்னண்ணே, அண்ணன் இறந்த அன்று உங்களுக்கு ஆள் அனுப்பினோம். கொள்ளி வைக்கப் பங்காளி வேண்டுமே. "எங்களுக்குத் தீட்டு இல்லைன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினீர்கள். வெயில் ஏறும்வரை காத்திருந்து என் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். நான் எந்தத் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேனோ அந்தத் தலை அன்றைக்கே வெந்துவிட்டது, இனி அது என்னைக் கட்டாது. ஆள்விட்டுச் சொன்னால் கட்டிய கதை என்பீர்கள். அதனால்தான் ஊர் முன்னால் அச்சில் போட்டிருக்கிறேன். பொய்யென்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கட்டும்.

உங்கள் வேலையை அண்ணனால் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் பிள்ளையை யாராலும் திருப்பித் தர முடியாது. நானும் என் வீட்டுக்காரரும் உங்கள் கண்ணில் படக்கூடாது என்றால் திவசத்தன்று பக்கத்து வீட்டில் இருந்துகொள்கிறோம். எங்களோடு பேச வேண்டாம், பந்தியில் உட்கார வேண்டாம். அவருக்குப் பிள்ளை கிடையாது, உங்களை விட்டால் பங்காளியும் கிடையாது. குளித்துவிட்டு வந்து, ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் அவருக்கு விட்டுவிட்டுப் போங்கள்.