மீசை இல்லாத சிவராமன்

பாலம்மா அக்கா கதை சொல்லும்போது மிளகாய்த்தூள் எரிச்சல்கூட மறந்துபோகும். கட்டுகஸ்தோட்டையில் மசாலாத்தூள் பாக்கெட் போடும் இடத்தில் நாங்கள் ஏழு பெண்கள் வேலை செய்தோம். காலையிலிருந்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருப்போம், பேச முடியாது. பன்னிரண்டரைக்குத் துணியை அவிழ்த்து முகம் கழுவி, பின்வாசலில் சோற்றுப் பார்சலை விரித்ததும் றமீஸா கேட்பாள்.

"நேத்து என்ன நடந்த, பாலம்மாக்கா?"

அக்கா உடனே சொல்லமாட்டாள். ஒரு வாய் சோறு தின்று, தண்ணீர் குடித்து, "நேத்தா? நேத்து ஒரு கூத்து" என்று தொடங்குவாள். வசுமதி என்ன சேலை கட்டியிருந்தாள், எந்தப் பக்கம் திரும்பி அழுதாள் என்பதுவரை வரும்.

அது தினமும் டீவியில் வரும் நாடகம். அதில் வசுமதியை அவள் புருஷன் சிவராமன் வயிற்றில் பிள்ளையோடு விட்டுவிட்டுப் போய், ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நின்றான். இடைப்பட்ட காலத்தில் அவளுக்கு உதவியாக இருந்த தயாளன் வாத்தியார், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவள் யாரோடு போகவேண்டும் என்பதுதான் எங்கள் தினச் சண்டை.

"தாலி கட்டினவன் திரும்பி வந்துட்டானே, புள்ளைக்கு அப்பன் வேணாமா?" என்பாள் சீதா.

"அஞ்சு வருசமா அந்தப் புள்ள காத்தக் குடிச்சா வளந்திச்சு? போனவன் போனவந்தான்" என்பாள் பாலம்மா அக்கா.

றமீஸாவுக்கு வாத்தியாரிலும் நம்பிக்கை இல்லை. "நல்ல மனுசன்தான். ஆனா ரெண்டு வருசமா வந்து டீ குடிச்சிட்டுப் போறாரே. கட்டிக்கக் கேக்க வந்தாரா, டீ குடிக்க வந்தாரா?"

அக்காவின் புருஷன் காளிமுத்து கொழும்பில் ஹோட்டல் வேலைக்கென்று போய்ப் பதினொரு வருடமாகியிருந்தது. ஒரே மகளை மாத்தளையில் கட்டிக்கொடுத்தபோதும் வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை. வசுமதியைப் பற்றித்தான் பேசுவாள். சோற்று வேளையில் அந்த அரைமணி நேரம் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவளுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழு பேரில் அந்த நாடகம் வரும் டீவி என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாலம்மா அக்கா எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா. அவள் என் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

தொடக்கத்தில் ஒன்றரை மாதம் வந்து பார்த்தாள்தான். ஒருநாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர், அவள் கதிரையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"புருசன் இல்லாத வீட்டுல பொழுது போகலேன்னா, அடுத்தவன் வீட்டுலதான் வந்து குந்தணுமா?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு கொதித்து வழியவில்லை, விறகு அணையவில்லை, பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் அடுப்பையே பார்த்தேன். அக்கா எழுந்து, கதிரையைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது. மேலே இரண்டு முழம் இடைவெளி இருக்கும். இந்தக் காம்பராவில் இருமினால் அந்தக் காம்பராவில் கேட்கும். நாடகத்தின் பாட்டு தொடங்கியதும் அந்தப் பக்கம் ஒரு முக்காலி இழுபடும் சத்தம் வரும். சிவராமன் பேசும்போது, "சீ, வெக்கங்கெட்டவன்" என்று மெதுவாக ஒரு குரல் வரும். மறுநாள் அதே கதையை அக்கா சேலையும் கண்ணீரும் சேர்த்துச் சொல்வாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பேன்.

பிறகு சிவராமனாக நடித்த ஆளை மாற்றினார்கள். இவருக்குப் பதிலாக இவர் என்று ஒருநாள் எழுத்துப் போட்டார்கள். பழையவனுக்குச் சுருட்டை முடி, பெரிய மீசை. புதியவனுக்கு மீசையே இல்லை, முன்மண்டையும் வழுக்கை. பின்னணிக் குரல் மட்டும் மாறவில்லை. அதனால் அக்காவுக்குத் தெரியாமல் போயிற்று. "சுருட்ட முடி நெத்தியில விழ, மீசையத் தடவிக்கிட்டு நிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபோதாவது காதோடு சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்று வாரம் அப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை சீதா என்னைப் பார்த்து, "ஏய் ஊமச்சி, நீ சொல்லு. யாரோட போகணும்?" என்றாள்.

"சிவராமன் பாவம், திருந்திட்டான்போல" என்றேன்.

பாலம்மா அக்கா சிரித்தாள். "இது புருசன் பக்கந்தான் பேசும். புருசன் வாயத் தொறந்தா அடுப்பத் தவிர வேற எங்கயும் பாக்காத புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். எந்த அடுப்பு என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குக் காது சூடானது. வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் தடுமாறாமல் பேசியது அன்றுதான்.

"நீங்க சொல்ற சிவராமனுக்கு மீச இருக்கு. டீவியில வர்றவனுக்கு மீச இல்ல. ஆள மாத்தி மூணு கெழமையாச்சு."

"என்னாடி சொல்ற? நேத்தும் மீசைய முறுக்கினான்னு சொன்னாங்களே?" என்றாள் சீதா.

"அவங்க எங்க பாக்கிறாங்க? செவுத்துக்கு அந்தப் பக்கம் குந்திக்கிட்டுக் கேக்கிறாங்க."

றமீஸாதான், கெட்ட எண்ணம் இல்லாமல், "அல்லாவே! அப்ப இவ்வளவு நாளும் வசுமதி உடுத்த சாரியெல்லாம் யார்ட?" என்றாள்.

சிரிப்பு அடங்க நேரமானது. பாலம்மா அக்காவும் சிரித்தாள். "என்னோடதுதான். கட்ட எடமில்லாம அலுமாரியில கெடக்கு" என்றாள். பாதிச் சோற்றோடு பார்சலை மடித்தாள். மணி அடிக்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அவள் துணியை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

மறுநாள் றமீஸா கேட்டபோது, "பாத்தவங்ககிட்ட கேளுங்க" என்றாள். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. "கோயிலுக்குப் போனாங்க. பெறகு வந்துட்டாங்க" என்றேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை. இரண்டு நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். சண்டை நின்றுபோனது. சாப்பிட்டதும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தோம்.

வீட்டில் டீவியைச் சத்தமாக வைத்தேன். பாட்டு முடிந்தும் முக்காலிச் சத்தம் வரவில்லை. ஒருநாள் துணிந்து அவள் வாசலுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பாக்க வாங்க. அவரு இன்னைக்கு வர நேரமாகும்."

அவள் தலை நிமிரவில்லை. "அவரு இல்லாத நேரமாப் பாத்துக் கூப்பிட வந்தியாக்கும்."

நான் திரும்பி வந்துவிட்டேன்.

வசுமதி முடிவு சொல்லும் நாள் வெள்ளிக்கிழமை என்று வாரம் முழுக்கக் காட்டினார்கள். அன்று வீட்டுக்காரர் நேரத்தோடு வந்து, டீவிக்கு முன்னால் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதிரையை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன்.

"வசுமதி பச்சச் சேல கட்டியிருக்கா. பூ வைக்கல" என்று சொன்னேன். "சிவராமன் திண்ணையில ஏறல, வாசல்ல நிக்கிறான். வழுக்கத் தல, மீச இல்ல. வாத்தியாரு டீ கோப்பையக் கையில வச்சிருக்காரு, குடிக்கல."

வீட்டுக்காரர் கையில் சோற்றோடு திரும்பினார். "யாருக்குடி சொல்ற?"

அடுப்பு என் இடப்பக்கம் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாலம்மா அக்காவுக்கு."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பைத்தியமா ஒனக்கு?" என்றார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் விடாமல் சொன்னேன். வசுமதி படியிறங்கியதைச் சொன்னேன், பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வெறும் சுவரோடு பேசுகிறேனோ என்று நினைத்தபோது முக்காலி இழுபட்டது.

"கொஞ்சம் வாய மூடு புள்ள. அவ என்ன சொல்றான்னு கேக்கல."

நான் வாயை மூடிக்கொண்டேன். வசுமதி சொன்னதை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து கேட்டோம். எங்கள் வாசல்படியை பாலம்மா அக்கா அதற்குப் பிறகும் மிதிக்கவில்லை.